காய்ச்சல் இறங்கிய புதன்கிழமை

எங்கள் துறையில் ஒரு ஆய்வுக் கட்டுரை எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த தவறு விளங்காது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கணிதம் கற்பிக்கிறேன். என் ஆய்வு நோய்ப்பரவல் பற்றியது, குறிப்பாக டெங்கு. மருந்தும் ஊசியும் எங்கள் கையில் கிடையாது. ஊர் மக்களைப் பெட்டிகளாகப் பிரிப்போம். இன்னும் நோய் வராதவர்கள் ஒரு பெட்டி, நோயோடு இருப்பவர்கள் ஒரு பெட்டி, குணமானவர்கள் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு கிரேக்க எழுத்தை எழுதுவோம். இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஆட்கள் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்பதை அந்த எழுத்து சொல்லும்.

பெட்டி கூட்டுவதுதான் எங்கள் தொழில். யாரோ எழுதிய மாதிரியை எடுத்து அதில் ஒரு பெட்டியைக் கூட்டினால் ஒரு கட்டுரை. கொசு முட்டைக்கு ஒரு பெட்டி கூட்டினேன், ஒரு கட்டுரை வந்தது. கொசுவலை கட்டிப் படுப்பவர்களுக்கு ஒரு பெட்டி, இன்னொன்று. விழிப்புணர்வுப் பலகையைப் படித்தவர்கள், படித்துவிட்டு மறந்தவர்கள் என்று இரண்டு பெட்டிகளைக் கூட்டிய வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பெட்டி கூடியதும் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அது நிலையானது என்று நிரூபிக்க வேண்டும். பிறகு கணினியில் நான்கு வரைபடம். நோயாளிகளின் கோடு குன்று மாதிரி ஏறும், பிறகு இறங்கும். இறங்கியதும் கட்டுரை முடிந்துவிடும். கோடு இறங்கினால் எங்களுக்கு எப்போதுமே நிம்மதி.

பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். குணமாகும் வேகத்துக்கு நாங்கள் போடும் எழுத்து காமா. அதன் மதிப்பு ஏழில் ஒன்று, அதாவது நோயாளி சராசரியாக ஏழு நாளில் குணமாவார் என்று பொருள். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முந்தைய கட்டுரையிலிருந்து. அதற்கு அதன் முந்தைய கட்டுரையிலிருந்து. ஒருமுறை சும்மா இருந்த ஒரு மத்தியானம் அந்த ஏழு என்ற எண்ணைத் தேடிப் பின்னால் போனேன். ஆறாவது கட்டுரையில் 'என்று கொள்வோம்' என்று இருந்தது. சிரித்துவிட்டு மூடி வைத்தேன். அப்போது அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பிளஸ் ஒன் படிக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் அந்த வாரம் இன்னும் இரண்டு வீடுகளில் காய்ச்சல் இருந்தது. திங்கட்கிழமை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்று சொன்னார்கள். தட்டணுக்கள் கொஞ்சம் குறைவு, பயப்படும்படி இல்லை, வீட்டிலேயே நிறையத் திரவம் கொடுங்கள், புதன்கிழமை காலையில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தார். இவையெல்லாம் இருந்தால் உடனே வர வேண்டும் என்று தமிழில் அச்சடித்த சீட்டு. நான் தெரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டி, அதைப் படிக்காமல் ஃபைலில் செருகினேன். டெங்கு பற்றி எனக்கு ஒருவர் சீட்டு கொடுப்பதா என்று ஒரு எண்ணம் உள்ளே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அதற்குப் பதிலாக நான் செய்தது இது. அவளுடைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டிலிருந்து ஒரு வரைபடத்தாளைக் கிழித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் வெப்பநிலை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்து ஒரு புள்ளி. நூற்று மூன்று, நூற்று மூன்றரை, மாத்திரை போட்டதும் நூற்று ஒன்று, மறுபடி நூற்று மூன்று.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்தவள் அதைப் பார்த்தாள்.

"ம்மா, எக்ஸ் ஆக்சிஸுக்கு யூனிட் போட்டிருக்க. ஸ்கேல் எழுதிருக்க. எம் பேரை மட்டும் எழுதல."

"இந்த வீட்டுல காய்ச்சல் வேற யாருக்கு?"

"இருந்தாலும் எழுதும்மா. சயின்டிஸ்ட்னா நேர்மை வேணும்."

பென்சிலால் அவள் பெயரின் முதல் எழுத்தை ஓரத்தில் எழுதினேன். போதாது என்று அவளே கீழே ஒரு கொசு வரைந்தாள்.

செவ்வாய் மாலையிலிருந்து புள்ளிகள் இறங்க ஆரம்பித்தன. நூறு, தொண்ணூற்று ஒன்பது. புதன் காலை ஆறு மணிக்குத் தொண்ணூற்று எட்டு. நெற்றியில் கை வைத்தால் ஈரமாகக் குளிர்ந்திருந்தது. நான் சமையலறையில் நின்று எல்லாப் புள்ளிகளையும் தொட்டுப் போகும்படி ஒரு வளைகோட்டை வரைந்தேன். என்ன அழகான கோடு. எத்தனை கட்டுரைகளில் போட்டிருப்பேன் அந்தக் கோட்டை.

அன்றைக்கு என் ஆய்வு மாணவர் ஒருவருக்கு வைவா. முனைவர் பட்டத்துக்கான கடைசிப் படி அது. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வந்து, எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். மாணவர் செல்லூர்க்காரர். வீட்டின் முன்பக்கத்தில் இரண்டு விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து தேற்றம் நிரூபித்தவர். ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்த வைவா அதற்கு முன் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒருமுறை தேர்வாளருக்கு உடம்பு சரியில்லை, ஒருமுறை எனக்குத் தேர்வுப் பணி. அடுத்த திங்கட்கிழமை அவருக்கு ஒரு கல்லூரியில் வேலைக்கான நேர்காணல் இருந்தது. பட்டம் முடிந்ததற்கான தாள் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். அன்று விடுப்பு எடுத்திருந்தார்.

"டாக்டர் இன்னைக்குக் காலைல பிளட் எடுக்கச் சொன்னாருல்ல?" என்றார்.

"சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேங்க. இப்பத்தான் காய்ச்சலே விட்டிருக்கு. தூங்கட்டும்."

"காலைலயே எடுத்துட்டா ஒரு வேலை முடிஞ்சிரும்."

"இதைப் பாருங்க." கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்துக் காட்டினேன். "நேத்துல இருந்து இறங்கிட்டே வருது. நாளைக்கு எந்திரிச்சு உக்காந்துருவா."

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரி. இந்த விஷயத்துல நீதான டாக்டரு" என்றார். கிண்டல் இல்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார்.

மகள் படுத்தபடியே குரல் கொடுத்தாள். "போம்மா. அந்த அண்ணே பாவம். இதுவும் கேன்சல் ஆச்சுன்னா அவரு தறிக்கே போயிருவாரு."

நான் போனேன்.

பொது வைவாவுக்குப் பார்வையாளர்கள் வேண்டும். வருகைத் தாளில் கையெழுத்துகள் இருக்க வேண்டும். ஆனால் துறையில் பாதி நாற்காலிகள் ஓய்வு பெற்றவர்களுடையவை, புது ஆள் போடவில்லை. அன்றைக்கு முதுகலை மாணவர்களுக்கும் படிப்பு விடுமுறை. இந்த மாதிரி நாட்களில் துறை அலுவலகத்தின் உதவியாளர்தான் ஆள் திரட்டுவார். என் வயதுப் பெண். பக்கத்துத் துறையில் இரண்டு பேர், நூலகத்தில் மூன்று பேர், வராந்தாவில் கட்டண ரசீதுக்கு நின்ற ஒருவர் என்று பிடித்து வந்து உட்கார வைப்பார். கடைசியாகத் தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். எங்கள் பேராசிரியர்கள் யாரையும்விட அதிக வைவா பார்த்தவர் அவர்தான்.

"எனக்கும் ஒரு டாக்டர் பட்டத்தைக் குடுத்துருங்க மேடம்," என்றார் அன்றைக்கும். "எம்புட்டு வைவா பாத்துட்டேன். அந்தக் கோடு எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு இப்ப நானே சொல்லிருவேன்."

மாணவரின் அப்பாவும் அம்மாவும் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். அப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். லட்டும் மிக்சரும் போட்ட பொட்டலங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. வைவாவுக்கு வருகிறவர்களுக்கு மாணவர் பலகாரம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

மாணவர் நன்றாகப் பேசினார். ஒரு மணி நேரம் சமன்பாடுகள் திரையில் ஓடின. பிறகு தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அந்தக் காமா ஏன் ஏழில் ஒன்னு?"

"லிட்ரேச்சர்ல இருந்து எடுத்தோம் சார்."

"ஆறுன்னு வச்சா?"

"பெருசா எதுவும் மாறாது சார். உச்சம் கொஞ்சம் கம்மியாகும்."

"கோடு இறங்குமா?"

"கட்டாயம் இறங்கும் சார். நிரூபிச்சிருக்கோம்."

தேர்வாளர் திருப்தியாகத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.

தேநீர் இடைவேளையில் உதவியாளர் தட்டோடு என்னிடம் வந்தார்.

"பாப்பாவுக்கு எப்படி மேடம் இருக்கு?"

"காய்ச்சல் விட்டுருச்சு. காலைல நார்மல்."

அவர் தட்டைப் பிடித்தபடி நின்றார். "விட்டுருச்சா? அப்ப நீங்க ஏன் இங்க நிக்கிறீக?"

"அதான் விட்டுருச்சே."

"விட்ட அன்னைக்குத்தான் மேடம் பாக்கணும். எங்க அக்கா மகளுக்கு அப்படித்தான் ஆச்சு. காய்ச்சல் விட்டுச்சு, எந்திரிச்சு ரெண்டு இட்லி தின்னா, எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். மத்தியானம் கையும் காலும் ஐஸாப் போச்சு. மூணு நாளு கெடந்தா ஆஸ்பத்திரில. வயிறு வலிக்குதா, வாந்தி வருதான்னு போனப் போட்டுக் கேளுங்க மொதல்ல."

வராந்தாவுக்குப் போய்ப் போன் செய்தேன். மகளே எடுத்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கேன். வயிறுதான் வலிக்குது. ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். அப்பா ஓஆர்எஸ் வாங்கப் போயிருக்காரு."

"காய்ச்சல்?"

"இல்லவே இல்ல. தூக்கந்தான் தூக்கமா வருது. வச்சுரவா?"

"தூங்கு. அம்மா வந்துர்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே போனேன். இதை எழுத மூன்று மாதமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில்தான் எழுந்து போய்விடுகிறேன்.

உள்ளே போனதற்குக் காரணம் இருந்தது. வைவாவைக் கூட்டியவள் வழிகாட்டியான நான். தேர்வாளரும் நானும் உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும், எல்லோர் முன்னிலையிலும் அதை நான் வாசிக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். நான் பாதியில் கிளம்பினால் அந்த வைவா நடக்காத மாதிரிதான். இன்னொரு அரைமணி நேரம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கோடு இறங்கிவிட்டது. இறங்கிய கோடு மறுபடி ஏறாது என்று நானே நிரூபித்திருக்கிறேன், இரண்டு பக்கத்தில்.

வயிற்று வலி, வாந்தி, அசதி. எல்லாம் முடிந்து பல நாள் கழித்துத்தான் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று வரிகளே அவைதான்.

அறிக்கை எழுதினோம். நான் வாசித்தேன். கைதட்டினார்கள். மாணவரின் நண்பர்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய அப்பா என் முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார். எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோ இப்போதும் துறையின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். தினமும் அதைக் கடந்துதான் என் அறைக்குப் போக வேண்டும்.

போட்டோ முடிந்ததும் உதவியாளர் வருகைத் தாளோடு வந்தார்.

"போன் போட்டீகளா மேடம்? பாப்பா என்ன சொல்லுச்சு?"

"வயிறு வலிக்குதாம். ரெண்டு தடவை வாந்தி."

"எப்பச் சொல்லுச்சு?"

"டீ குடிக்கிறப்ப."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரும்பி மாணவரைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க கூட்டாளி காரு நிக்குதுல்ல, எடுக்கச் சொல்லு. மேடத்தைக் கூட்டிட்டு ஓடு. மிக்சரை நான் குடுத்துக்கறேன்."

காரில் ஏறியதும் கணவருக்குப் போன் செய்தேன்.

"தூங்குறா," என்றார். "கால் மட்டும் சில்லுன்னு இருக்கு. ஃபேனைக் குறைச்சுட்டுப் போர்வை போத்திவிட்டேன்."

"ஆட்டோ பிடிங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. எழுப்பித் தூக்கிட்டுப் போங்க."

"ஏன், நீதான..."

"நான் சொன்னது தப்புங்க. கிளம்புங்க."

ஊருக்கு மேற்கே இருந்து வருகிறோம். திருப்பரங்குன்றத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. அன்று முகூர்த்த நாள். கோயிலில் கல்யாணம் முடிந்து இறங்கும் வேன்களும் மண்டபத்துக்குத் திரும்பும் வேன்களும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடந்தன. காரை ஓட்டிய நண்பர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"மாப்ள, எறங்கி அந்த முன்னாடி வேனை ஓரங்கட்டச் சொல்லுடா."

மாணவர் இறங்கி ஓடினார். தோளில் பொன்னாடை அப்படியே இருந்தது. வேனுக்கு முன்னால் நின்று கையை வீசினார். ஒரு டிரைவர் தலையை நீட்டி, "யாருண்ணே நீங்க, பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "ஆஸ்பத்திரி கேஸுண்ணே, கொஞ்சம் விடுங்க" என்றார் இவர். வேன் நகர்ந்தது. முனைவர் ஆன முதல் அரைமணி நேரத்தை அவர் அந்தச் சாலையில்தான் கழித்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளை உள்ளே எடுத்துப் போயிருந்தார்கள். இரண்டு கையிலும் ஊசி. உதடு வெளுத்திருந்தது. கால் விரல்களைப் பிடித்தேன். காய்கறியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், யார் என்று யோசிப்பது போல. பிறகு "முடிஞ்சதா?" என்றாள். வைவாவைக் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பணியில் இருந்த டாக்டர் ஒரு இளம்பெண். நிதானமாகப் பேசினார்.

"காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து இறங்குச்சு. இன்னைக்குக் காலைல நார்மல்."

"அப்பத்தாம்மா ஆரம்பிக்கும். சில பேருக்குக் காய்ச்சல் இறங்குற நேரத்துல ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிய ஆரம்பிச்சிரும். பிரஷர் இறங்கும், கை கால் சில்லுன்னு ஆகும். இப்ப பிரஷர் ரொம்பக் கம்மியா இருக்கு. திரவம் ஏத்துறோம். கூடுதலாவும் ஏத்தக் கூடாது, குறைவாவும் ஏத்தக் கூடாது. மணிக்கு மணி பாக்கணும். ஒரு நாள், ஒன்றரை நாள். இதைத் தாண்டிட்டா வந்துருவா."

"தாண்டலன்னா?" என்று கணவர் கேட்டார்.

"தாண்ட வைக்கத்தான் இருக்கோம் சார்" என்றார் டாக்டர். அது பதில் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அன்றைய இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. வியாழக்கிழமை மத்தியானத்துக்கு வருகிறேன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டையில் தாள் தொங்கியது. ஒவ்வொரு மணிக்கும் நர்ஸ் வந்து எழுதுவார். பிரஷர், நாடி, எவ்வளவு திரவம் போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது. வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் வரிசையாகத் தொண்ணூற்று எட்டு, தொண்ணூற்று எட்டு, தொண்ணூற்று எட்டு. அந்த ஒரு வரிசையை மட்டும் பார்த்தால் அந்தக் கட்டிலில் நோயாளியே இல்லை. நான் வீட்டில் கதவில் ஒட்டி வைத்துப் பார்த்தது அந்த ஒரு வரிசையைத்தான்.

மாலைச் சுற்றுக்கு வந்த அதே டாக்டரிடம் கணவர், என்ன நினைத்தாரோ, சொல்லிவிட்டார். "இவங்க டெங்குவுலதான் ஆராய்ச்சி பண்றாங்க டாக்டர். யுனிவர்சிட்டில."

எனக்குத் தரை பிளக்காதா என்றிருந்தது. வந்ததிலிருந்து நான் கணக்கு டீச்சர் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"அப்படியா மேடம்? எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷம். மேத்தமெட்டிக்கல் மாடலிங். நோயாளியெல்லாம் பாக்க மாட்டோம்."

"இன்ட்ரஸ்டிங். காய்ச்சல் விட்டப்புறம் வர்ற இந்தக் கட்டம் உங்க மாடல்ல எங்க வரும்?"

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வராது," என்றேன்.

"ஏன் மேடம்?"

காரணத்தைச் சொன்னேன். காய்ச்சல் விட்டபிறகு நோயாளியைக் கடிக்கிற கொசுவுக்கு அநேகமாக நோய் தொற்றாது. அதனால் பரவலைப் பொறுத்தவரை அவருடைய கதை முடிந்தது. அவர் எழுந்து நடக்கிறாரா, இப்படிப் படுத்துக் கிடக்கிறாரா என்பதால் சமன்பாட்டில் ஒன்றும் மாறாது. எல்லோரையும் குணமானவர்கள் பெட்டியில் போட்டுவிடுவோம்.

"கொசுவோட பக்கத்துல இருந்து பாக்குற மாதிரி" என்றார் டாக்டர், தாளில் எதையோ எழுதிக்கொண்டே.

"ஆமா. கொசுவோட பக்கத்துல இருந்துதான்."

வெள்ளிக்கிழமை காலையில் பிரஷர் ஏறி நிலையாக நின்றது. மத்தியானம் அவள் கால் என் உள்ளங்கையில் மெல்லச் சூடானது. நான் பிடித்துப் பிடித்துத்தான் சூடானதோ என்று சந்தேகப்பட்டு, கையை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

மாலையில் கண்ணைத் திறந்து, "வைவாவுக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"லட்டு, மிக்சர்."

"எங்க?"

கைப்பைக்குள் பொட்டலம் இருந்தது. யார் எப்போது போட்டார்கள் என்று தெரியவில்லை, உதவியாளர்தான் போட்டிருக்க வேண்டும். லட்டு நொறுங்கி மிக்சரோடு கலந்து கிடந்தது. கணவர் எழுந்து டாக்டரிடம் கேட்கப் போனார். அந்த வாரத்தில் அவர் யாரிடமும் கேட்காமல் எதையும் செய்வதை விட்டிருந்தார். இப்போதும் அப்படித்தான். ஒரு தலைவலி மாத்திரைக்கும் கிளினிக்குக்குப் போன் செய்கிறார். 'நீ சொன்னாச் சரி' என்று அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கோபம் இல்லை. அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் தீர்ந்துவிட்டது.

மாணவர் திங்கட்கிழமை நேர்காணலுக்குப் போனார், வேலையும் கிடைத்தது. சொல்ல வந்தபோது உட்காராமல் நின்றார். "மேம், அன்னைக்கு நீங்க போன் பேசிட்டு வந்ததைப் பாத்தேன். என்னன்னு கேட்டிருக்கணும். கேட்டா வைவா நின்னுருமோன்னு கேக்கல." அவர் முப்பது வயதுப் பையன், ஆறு வருடம் காத்திருந்தவர். நான் தாய். அவருடைய பயத்துக்கும் என்னுடைய நம்பிக்கைக்கும் நடுவில் முப்பத்தைந்து நிமிடம் போயிருக்கிறது. உட்காரச் சொன்னேன்.

உதவியாளரிடம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னபோது, "எங்க அக்கா மகளுக்கு வராம இருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது மேடம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கு ஒரு கட்டுத் தாளை நீட்டினார். துறை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. துறையைப் பார்வையிட வரும் குழுவுக்கான கோப்புகள், நிரப்பாத இடங்களுக்கும் சேர்த்து நான் நடத்தும் நான்கு பாடங்கள், எழுதாத வெள்ளைப்பலகைப் பேனா. ஒரு கட்டுரை திரும்பி வந்திருக்கிறது, ஆங்கிலத்தைச் சரிசெய்யுங்கள் என்று. இன்னும் திறக்கவில்லை.

போன வாரம் முதுகலை வகுப்பில் நோய்ப்பரவல் மாதிரிகளைத் தொடங்கும் நாள். வருடா வருடம் முதல் வகுப்பில் மூன்று பெட்டி போடுவேன். அன்றும் போட்டேன். நோயாளிகளின் பெட்டியிலிருந்து குணமானவர்களின் பெட்டிக்கு அம்பு இழுக்கும்போது கை நின்றது. நடுவில் இன்னொரு பெட்டியைப் போட்டேன். அதற்கு எழுத்து எதுவும் வைக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். "மேம், புக்ல மூணுதான இருக்கு? இது சிலபஸ்ல வருதா?"

"வராது."

"அப்ப எழுத வேணாமா?"

"வேணாம். பாத்து வச்சுக்கங்க, போதும்."

"இதுல எத்தனை நாள் மேம் இருப்பாங்க? மதிப்பு என்ன?"

"எனக்குத் தெரியாது. விசாரிக்கணும்."

பேனாக்கள் நின்றன. இருபது வருடத்தில் அந்த வகுப்பறையில் நான் அப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதென்றால் 'என்று கொள்வோம்' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெட்டியால் எந்தத் தேற்றமும் மாறாது. அதே சமநிலை, அதே நிரூபணம், அதே கோடு. கட்டுரையாக அனுப்பினால் இதில் புதுமை என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நானே மதிப்பீட்டாளராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

வரைபடத்தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ரொம்ப நாள் இருந்தது. கழற்ற எனக்குக் கை வரவில்லை, கணவருக்கும் வரவில்லை. மகள்தான் ஒருநாள் எடுத்தாள். பிசிக்ஸ் ரெக்கார்டில் ஒரு தாள் குறைகிறதாம், மிஸ் கேட்டார்களாம். பின்பக்கத்தில் ஏழாவது சோதனையின் வரைபடத்தை வரைந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு முடி கொட்டுகிறது, சீக்கிரம் களைத்துப்போகிறாள். மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்று டாக்டர் சொல்கிறார். நான் ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கிளம்பும் முன் அவள் கட்டிலருகே போய்ப் போர்வையின் நுனியைத் தூக்கிக் காலைத் தொட்டுப் பார்ப்பேன். முதலில் சில நாள் கத்தினாள். பிறகு, "இன்னும் எத்தனை நாளைக்கு? ஏழா?" என்று கேட்டாள். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே, வலது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டுகிறாள். நான் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு இடது காலையும் நீட்டுகிறாள்.